இலக்கணமும் கட்டுரையும்: ஜூடோ பிறந்த கதை



"விளையாட்டைப் பற்றி ஏதாவது எழுதுங்கள், சரித்திரமாக இருந்தால் நல்லது" என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள. கிரிக்கெட்டைப் பற்றி எழுத நம்மில் நூறு பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் ஜூடோவை எடுத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு காரணங்கள். ஜூடோவை உண்டாக்கியவர் அந்த வித்தையைத் தேடிப் புறப்பட்டபோது நம்மைப் போல ஒரு கல்லூரி மாணவர். அது ஒன்று. அவரை ஆயுள் முழுதும் வாட்டிய ஒரு கேள்வி, படித்தவர்கள், படிப்பு சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோருக்கும் உரிய கேள்வி. அது இரண்டு.

கேள்வி இதுதான். ஒரு வித்தையைக் கற்க வேண்டும் என்றால், குரு காட்டிய முறைப்படி நூறு தடவை, ஆயிரம் தடவை திரும்பத் திரும்பச் செய்து அதைக் கைக்குள் கொண்டுவர வேண்டுமா? இல்லை, எதிரே ஒருவனை நிறுத்தி, அவன் அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமலே மோதி மோதிப் பழக வேண்டுமா? முதலாவதை மட்டும் செய்தவன் கோதாவில் இறங்கினால் அவன் படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். இரண்டாவதை மட்டும் செய்தவன் ஒன்று முரடனாகிறான், அல்லது கையைக் காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிடுகிறான்.

இது மல்லுக்கட்டுபவர்களின் கவலை மட்டும் அல்ல. சரளி வரிசையை எத்தனை வருஷம் பாடினால் கற்பனை ஸ்வரம் வரும் என்று பாட்டு கற்றவர்களைக் கேளுங்கள். மைதானத்தில் 'எட்டு' போட்டு லைசென்ஸ் வாங்கிய கையோடு அண்ணா சாலையில் வண்டியை இறக்கியவர்களைக் கேளுங்கள். எட்டும் வேண்டும், சாலையும் வேண்டும். எது எவ்வளவு, எது எப்போது என்பதில்தான் சண்டை.

அந்தச் சண்டைக்கு ஜப்பானில் ஒருவர் தீர்வு கண்டார். கண்ட தீர்வு அவர் கண்ணெதிரிலேயே கையைவிட்டு நழுவவும் செய்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

எலும்பு வைத்தியரைத் தேடி

ஜிகோரோ கானோ 1860இல் கோபே நகரத்துக்கு அருகில் உள்ள மிகாகே என்ற ஊரில் பிறந்தார். சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் தொழிலில் பேர்போன வசதியான குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பிறகு தகப்பனாரோடு டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் உடம்பு? வளர்ந்த பிறகும் உயரம் 5 அடி 2 அங்குலம்தான், எடையும் 50 கிலோவுக்குக் குறைவு. விடுதிப் பள்ளியில் இப்படி ஒரு பையன் இருந்தால் என்ன நடக்கும் என்று விடுதியில் இருந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பையன்கள் அவரைப் புரட்டி எடுத்தார்கள்.

பலமில்லாதவனும் பலசாலியைக் கவிழ்க்க முடியும், அதற்கு ஜுஜுட்சு என்று ஒரு வித்தை உண்டு என்று கேள்விப்பட்டார். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. காலம் அப்படி. 1868இல் ஆட்சி மாறி, பழைய சாமுராய் வர்க்கம் வேலை இழந்து நின்றது. 1876இல் அவர்கள் இடுப்பில் வாள் செருகிக்கொண்டு போகவும் தடை வந்தது. நாடே ரயில், தந்தி, கோட்டு, சூட்டு என்று மேற்கே பார்த்து ஓடியது. ஜுஜுட்சு என்றால் 'பழம் பஞ்சாங்கம்' என்று சிரித்தார்கள். ஆசான்களில் பலர் எலும்பு முறிவு வைத்தியம் பார்த்து வயிறு வளர்த்தார்கள். மூட்டை நழுவ வைக்கத் தெரிந்தவனுக்கு அதைத் திரும்பப் பொருத்தவும் தெரியும் அல்லவா!

1877இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கானோ, ஒவ்வொரு எலும்பு வைத்தியர் வீடாகப் போய், "உங்களுக்கு ஜுஜுட்சு தெரியுமா?" என்று கேட்டார். இப்படித் தேடித்தான் ஹச்சினோசுகே ஃபுக்குதா என்ற ஆசானிடம் போய்ச் சேர்ந்தார். அவர் டென்ஜின் ஷின்யோ என்ற மரபைச் சேர்ந்தவர். நம் பக்கத்தில் சங்கீதத்துக்குப் பாணி என்று சொல்கிறோமே, அதுபோல அங்கே ஒவ்வொரு மரபுக்கும் ஒரு பெயர், ஒரு பாடமுறை.

மூன்று ஆசான்கள், மூன்று ருசி

இங்கே இரண்டு ஜப்பானியச் சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டே இரண்டுதான், பயப்பட வேண்டாம். ஒன்று கட்டா. கராத்தே கற்ற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். இன்னார் இப்படிப் பிடிப்பார், இன்னார் இப்படி எறிவார் என்று முன்கூட்டியே முடிவு செய்து, இருவரும் அதே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்வது. மற்றொன்று ராண்டோரி. முன்கூட்டி எந்தப் பேச்சும் கிடையாது. விதிக்கு உட்பட்டு யார் வேண்டுமானாலும் எதையும் முயற்சி செய்யலாம், எதிராளியும் தன் பலத்தை எல்லாம் திரட்டித் தடுப்பார்.

பழைய மரபுகளில் பலவும் கட்டாவையே பெரிதாக நம்பின. அதற்கு நியாயமும் இருந்தது. அவர்கள் வித்தையில் குத்து, உதை, மூட்டை முறிப்பது, கழுத்தைத் திருகுவது எல்லாம் கலந்திருந்தன. அதையெல்லாம் நிஜமாகச் செய்து பார்த்தால் மறுநாள் பயிற்சிக்கு வர ஆள் இருக்க மாட்டார்!

ஃபுக்குதா இதில் சற்று வித்தியாசமானவர். கட்டாவை ஒதுக்கவில்லை. ஆனால் மோதிப் பழகுவதில்தான் அவருக்கு ருசி. ஒருநாள் அவர் கானோவை ஒரு பிடியில் தூக்கி எறிந்தார். "இது எப்படி? கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது?" என்று கல்லூரி மாணவருக்கே உரிய வழக்கப்படி கானோ கேட்டார். ஆசான் பதில் சொல்லவில்லை, வரச்சொல்லி மறுபடியும் எறிந்தார். கானோ மறுபடி கேட்டார். மறுபடி எறிந்தார். கடைசியில், எண்ணிக்கை ஏற ஏறத் தானாக வரும், விளக்கினால் வராது என்று முடித்துவிட்டார். இதைக் கானோவே பிற்காலத்தில் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கூடத்தில் ஃபுக்குஷிமா என்று ஒரு மூத்த மாணவர் இருந்தார். மலை மாதிரி ஆள். கானோ எப்படி மோதினாலும் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ மல்லர் ஒருவரிடம் சில பிடிகளைக் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு அவர் போன இடம் நூலகம்! மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகம் ஒன்றில், எதிராளியின் தொடைக்குள் கையைவிட்டு அவரைத் தோள்மேல் குறுக்காகத் தூக்கிக் கவிழ்க்கும் ஒரு பிடியைக் கண்டார். அதை முதலில் நண்பர்களிடம் செய்து பழகினார். கைக்கு வந்த பிறகு ஃபுக்குஷிமாவிடம் போனார். அடுத்த கணம் மலை தரையில் கிடந்தது.

இந்தப் பிடிதான் இன்று 'கட்டா குருமா' என்ற பெயரில் ஜூடோவில் இருக்கிறது. (இந்த 'கட்டா' வேறு, தோள் என்று பொருள்.) இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். இதற்குள்ளேயே முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது பாருங்கள். மோதிப் பார்த்ததில் குறை தெரிந்தது. குறை தெரிந்ததால் புத்தகத்தைத் தேடினார். புத்தகத்தில் கண்டதை எதிர்க்காத நண்பனிடம் திரும்பத் திரும்பச் செய்தார். அதை எதிர்க்கிறவனிடம் கொண்டுபோய்ச் சோதித்தார். கேள்வி மோதலில் பிறந்தது, விடை பயிற்சியில் பழுத்தது, தேர்வு மறுபடியும் மோதலில் நடந்தது.

1879 ஆகஸ்டில், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் ஜப்பானுக்கு வந்தபோது அவர் முன்னால் வித்தை காட்டியவர்களில் ஃபுக்குதாவும் இருந்தார், மாணவர் கானோவும் இருந்தார். அதன் பிறகு சில நாட்களிலேயே ஃபுக்குதா காலமானார். கானோ அதே மரபின் தலைமை ஆசானான மசட்டோமோ ஈசோவிடம் போய்ச் சேர்ந்தார். ஈசோவுக்கு அப்போதே அறுபது வயது தாண்டியிருந்தது. கட்டாவில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. உருவம் பிசகாமல், ஒரு விரல்கூட இடம் மாறாமல் செய்து காட்டுவார். ஃபுக்குதாவிடம் பழகிய பிறகு ஈசோவிடம் போனது, நாடக மேடையிலிருந்து இலக்கண வகுப்புக்குப் போன மாதிரி.

ஈசோவும் 1881இல் காலமானார். மூன்றாவதாகக் கிடைத்தவர் கிட்டோ மரபைச் சேர்ந்த சுனெட்டோஷி ஈகுபோ. பழைய ஆட்சியில் போர்க்கலைப் பயிற்சி நிலையத்தில் ஆசானாக இருந்தவர். ஐம்பதைத் தொட்ட வயதிலும் ராண்டோரியில் இளைஞர்களைப் பந்தாடுவார். எறிவதில் மன்னன்.

இதில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். கானோவுக்கு முன்னால் எல்லோரும் கட்டா மட்டும்தான் செய்தார்கள், ராண்டோரியைக் கானோதான் கண்டுபிடித்தார் என்று சில புத்தகங்களில் பார்க்கலாம். அது சரியல்ல. அவர் ஆசான்களில் இருவர் ராண்டோரியில் ஊறியவர்கள், ஒருவர் கட்டாவில் ஊறியவர். இரண்டும் ஏற்கெனவே இருந்தன. இரண்டையும் ருசி பார்த்து, இரண்டுக்கும் இடையே என்ன உறவு என்று உட்கார்ந்து யோசித்ததுதான் கானோ செய்த வேலை.

பன்னிரண்டு பாய், ஒன்பது மாணவர்

1882இல் கானோவுக்கு வயது 21. பட்டம் வாங்கி, கக்குஷூயின் என்ற பிரபுக்கள் பள்ளியில் ஆசிரியர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் இடம் பிடித்து, 12 பாய் விரித்து, தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பெயர் கோடோகான். 'வழியைக் கற்கும் கூடம்' என்று அர்த்தம் சொல்லலாம். முதல் வருஷம் 9 மாணவர்கள்.

ஈகுபோவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே வந்து பயிற்சி கொடுப்பார். எறிகிற எறியில் கோயில் தரை அதிரும். முன்னோர்களின் பெயர் எழுதி வைத்த நினைவுப் பலகைகள் ஆடும், விழும். கோயில் குருவானவர் பாவம், எவ்வளவுதான் பொறுப்பார்!

இந்தச் சின்னக் கூடத்தில் கானோ ஒரு பெரிய முடிவு எடுத்தார். மோதிப் பழகுவதற்கு வேண்டிய பிடிகள் எவை, வேண்டாதவை எவை என்று பிரித்தார். எறிதல், தரையில் அழுத்திப் பிடித்தல், கழுத்தை நெருக்குதல், கைமூட்டை மடக்குதல் ஆகியவை ராண்டோரிக்கு வந்தன. குத்து, உதை, ஆயுதத்தை எதிர்கொள்வது எல்லாம் கட்டாவுக்குள் போயின. மூட்டைப் பிடிப்பதிலும் ஆபத்தானவற்றை வருஷம் போகப்போகக் கழித்து, கடைசியில் முழங்கை ஒன்றோடு நிறுத்தினார்கள். எறிவதற்கு முன்னால் விழுவதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தலையில் அடிபடாமல், கையால் பாயை அறைந்து விழும் முறை அது.

'ஆபத்தானதை எடுத்துவிட்டால் வித்தை பல் பிடுங்கிய பாம்பாகிவிடாதா?' என்று பலரும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நடந்தது நேர்மாறு. ஆளை முடமாக்கும் பிடியைக் கூட்டாளியிடம் பாதி பலத்தோடுதான் பழக முடியும். அதுவும் பயந்து பயந்து. முடமாக்காத பிடியை முழு பலத்தோடு, தினந்தோறும், வருஷக்கணக்கில் பழகலாம். முழு பலத்தோடு எதிர்க்கிற நூறு பேரிடம் பழகிய சாதாரணப் பிடி, யாரிடமும் சோதிக்காத பயங்கரப் பிடியைவிட மேலானது. கானோவின் கணக்கு இதுதான்.

தோற்றது ஆசான், ஜெயித்தது கேள்வி

ஏறக்குறைய 1885ஆம் ஆண்டு. ஈகுபோவோடு கானோ வழக்கம்போல ராண்டோரி செய்துகொண்டிருந்தார். வழக்கமாக எறிபடுகிறவர் கானோ. அன்றைக்கு ஆசானால் அவரை எறிய முடியவில்லை. அது மட்டுமல்ல, கானோ ஆசானை எறிந்தார். ஒரு தடவை அல்ல, பல தடவை.

என்ன நடந்தது? எதிராளியை எறிவதற்கு முன்னால் அவருடைய நிலையைக் குலைக்க வேண்டும் என்று கானோ கண்டுகொண்டிருந்தார். தள்ளினால் மனிதன் எதிர்த்துத் தள்ளுவான், அந்த நொடியில் இழுத்தால் முன்னே சாய்வான். இழுத்தால் பின்னுக்கு இழுப்பான், அப்போது தள்ளினால் பின்னே சாய்வான். சாய்ந்தவனை எறிய பலம் வேண்டாம், நேரம்தான் வேண்டும். இதை விளக்கியதும் ஈகுபோ ஒப்புக்கொண்டார். இனிமேல் உனக்கு நான் கற்றுத்தர எதுவும் இல்லை என்று சொல்லி, அவரோடு ராண்டோரி செய்வதையும் நிறுத்திக்கொண்டார். சிஷ்யனிடம் தோற்றதைப் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்ட அந்தக் குருவுக்கும் இந்த மலரில் ஒரு வணக்கம்.

யோசித்துப் பாருங்கள். ஈசோவின் பாயில் கட்டாவை எத்தனை ஆயிரம் தடவை செய்தாலும் இந்த உண்மை அகப்பட்டிருக்காது. கட்டாவில் எதிராளி எப்போது சாய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறதே! எதிர்க்கிற மனிதனின் உடம்புதான் இதைச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் கட்டாவில் ஊறிய கண் இல்லாதவன், ஒரு தடவை எறிந்ததும் "அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். நடந்ததைப் பிரித்துப் பார்த்து, பெயர் வைத்து, மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு கட்டா கொடுத்தது.

கட்டுரை வகுப்பில் இலக்கணம்

கானோ இதை விளக்கச் சொன்ன உவமை ஒரு மொழி வாத்தியாருக்கே உரியது. கட்டா என்பது இலக்கணம், ராண்டோரி என்பது கட்டுரை எழுதுவது என்றார். இலக்கணம் மட்டும் படித்தவன் எழுத்தாளன் ஆக மாட்டான். இலக்கணமே தெரியாமல் எழுதித் தள்ளுகிறவன் எழுத்தும் நிற்காது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதற்கு அடுத்ததாக அவர் சொன்னதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தொடக்க காலத்தில் கோடோகானில் கட்டாவுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை. ராண்டோரி நடந்துகொண்டிருக்கும், நடுவில் நிறுத்தி, "நீ இப்போது எறிந்தது ஏன் பலிக்கவில்லை தெரியுமா? இப்படிச் செய்" என்று அந்தப் பிடியைச் செய்து காட்டி, திரும்பச் செய்ய வைத்து, மறுபடி மோதலுக்கு அனுப்புவார். அதாவது கட்டுரையைத் திருத்தும்போதே இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். தனிப் பீரியட் கிடையாது.

ஒன்பது மாணவர் இருந்தவரை இது நடந்தது. பத்து வருஷத்துக்குள் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். ஒரே ஆசானின் கண் அத்தனை பேர்மேலும் எப்படிப் படும்? பிள்ளைகள் பாட்டுக்கு மோதிக்கொண்டே இருந்தார்கள், இலக்கணம் சொல்ல ஆள் போதவில்லை. அப்போதுதான் கானோ பதினைந்து எறிகளைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வகையாக, வகைக்கு மூன்றாகத் தொகுத்து, 'நாகே நோ கட்டா' என்று ஒரு பாடம் அமைத்தார். தரைப் பிடிகளுக்கும் அதேபோல் ஒன்று. இந்த இரண்டுக்கும் சேர்த்து அவர் வைத்த பொதுப் பெயர் 'ராண்டோரி நோ கட்டா'. ராண்டோரிக்காக உள்ள கட்டா! பெயரிலேயே இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்தார். 1906இல் கியோட்டோவில் பல மரபு ஆசான்களையும் கூட்டி வைத்து, கானோ தலைமையில் இந்தப் பாடங்களுக்கு முடிந்த வடிவம் கொடுத்தார்கள்.

ஆக, தனிக் கட்டா வகுப்பு ஒரு தத்துவத்தால் பிறக்கவில்லை. வகுப்பில் கூட்டம் அதிகமானதால் பிறந்தது. நம்மில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

வெற்றி கொண்டுவந்த வினை

1880களின் இரண்டாம் பாதியில் டோக்கியோ போலீஸ் துறை நடத்திய போட்டிகளில் கோடோகான் இளைஞர்கள் மற்ற மரபினரோடு மோதினார்கள். எதிர்த்து நின்றவர்களும் ராண்டோரியில் பேர்பெற்றவர்கள்தான், இளைத்தவர்கள் அல்ல. பெரும்பாலான ஆட்டங்களில் கோடோகான் ஜெயித்தது என்று கானோ பிற்காலத்தில் எழுதினார். அந்த அணியின் நாயகர்களில் ஒருவரான ஷிரோ சைகோவை மனதில் வைத்துத்தான் சன்ஷிரோ சுகத்தா என்ற நாவல் உருவானது. 1943இல் அகிரா குரோசவா அதைப் படமாக எடுத்தார். அவர் இயக்கிய முதல் படம் அது.

கானோவும் உயர்ந்துகொண்டே போனார். 1889இல் கல்வியாளர் சபையில், ஜூடோ வெறும் சண்டை வித்தை அல்ல, உடற்கல்வி, போட்டி, மனப்பயிற்சி மூன்றும் சேர்ந்தது என்று சொற்பொழிவு ஆற்றினார். 1893இல் ஆசிரியர்களைத் தயாரிக்கும் டோக்கியோ உயர் நார்மல் பள்ளியின் தலைவரானார். இடையில் விட்டுவிட்டு, 1920வரை அந்தப் பதவியை வகித்தார். சீன மாணவர்களுக்காக அவர் நடத்திய பள்ளியில் எழுத்தாளர் லூ சுன் படித்தார். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினர் ஆனார்.

ஆனால் ஜெயித்த பிள்ளைக்கு ஜெயிப்பது ஒன்றே குறி. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போட்டி பெருகியது. எது பாயிண்ட் வாங்கித் தருமோ அதை மட்டும் பழகினார்கள். 1914இல் கியோட்டோ பல்கலைக்கழகம் உயர்பள்ளிகளுக்காகத் தொடங்கிய குழுப் போட்டிகளில், எறியத் தெரியாத பிள்ளைகள் நேராகத் தரையில் படுத்துப் பிடித்து ஆட்டத்தை இழுத்துச் சமன் செய்யும் கலையில் தேர்ந்தார்கள். தரைப் பிடியில் அற்புதமான புதுமைகள் அங்கே பிறந்தன என்பதும் உண்மை. நின்று ஆடும் கலை மங்குகிறதே என்று கானோ கவலைப்பட்டதும் உண்மை. 1920களில், தரைக்கு இழுப்பதைக் கட்டுப்படுத்த விதிகளை மாற்றினார்.

கடைசி இருபது வருஷங்களில் அவர் எழுத்துகளில் இந்தப் புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகள் கட்டாவைச் சீண்டுவதில்லை. ராண்டோரியையும் சரியாகச் செய்வதில்லை, நிமிர்ந்து நிற்காமல், குனிந்து, தோற்காமல் இருப்பதற்காக மல்லுக்கட்டுகிறார்கள். ராண்டோரி என்பது பயிற்சி, அதில் தைரியமாக முயன்று விழலாம் என்பதை மறந்து, தினமும் இறுதிப் போட்டி ஆடுகிறார்கள். 1930இல் அவர் மொரிஹெய் உயேஷிபாவின் பயிற்சியைப் பார்த்து வியந்து, தம் மாணவர்களை அங்கே கற்க அனுப்பினார். அங்கே பெரும்பாலும் முன்கூட்டி வகுத்த முறைப்படிதான் பழகினார்கள். உயேஷிபாவின் அந்தக் கலைதான் பின்னர் ஐக்கிடோ என்று பெயர் பெற்றது. கோடோகானில் காணாமற்போய்க்கொண்டிருந்த பாதியை அவர் அங்கே கண்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1938 மே 4ஆம் தேதி, கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், ஹிக்காவா மாரு என்ற கப்பலில் கானோ காலமானார். வயது 77.

பிரிந்த இரண்டு பாதிகள்

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது. எடை வரம்பில்லாத பிரிவில் நெதர்லாந்தின் ஆண்டன் கேசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்துத் தங்கம் வென்றபோது அரங்கமே உறைந்துபோனது. ஜூடோ உலகத்தின் சொத்தாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். 1992இல் பெண்களுக்கும் பதக்கப் போட்டி வந்தது.

கட்டா என்ன ஆயிற்று? கறுப்புப் பட்டைத் தேர்வுக்காகக் கடைசி மாதத்தில் உருப்போடும் பாடமாயிற்று. நம் காலத்தில் பரீட்சைக்கு முந்தின இரவு நோட்ஸ் மனப்பாடம் செய்தோமே, அதே கதைதான். பிறகு 2009இல் அதற்கும் தனியாக உலக சாம்பியன்ஷிப் வைத்தார்கள். இலக்கணத்துக்கு ஒரு கோப்பை, கட்டுரைக்கு ஒரு கோப்பை! கானோ ஒரே முடிச்சில் கட்டிய இரண்டும் இரண்டு விளையாட்டுகள் ஆயின.

அன்றாடப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்வது மறைந்துவிடவில்லை. 'உச்சிகோமி' என்ற பெயரில் அது இருக்கிறது. எதிராளியை எறியாமல், எறிகிற இடம்வரை நுழைந்து நுழைந்து திரும்புவது. பத்து, இருபது, நூறு என்று எண்ணிக்கொண்டே செய்வார்கள். உடம்பு சூடாகும், கால் வேகம் பிடிக்கும், நல்லதுதான். ஆனால் கூட்டாளி மரம் மாதிரி நின்றால், மரத்துக்குள் நுழையத்தான் பழகுவோம். நிலை குலைகிற அந்த நொடி, கானோ 1885இல் கண்ட அந்த நொடி, அதில் வருவதே இல்லை.

இந்தச் சண்டை ஜூடோவோடு நிற்கவில்லை. கோடோகானில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குப் போய், பின்னர் பெலேம் நகரத்தில் தங்கினார். அந்த வழியில் கிரேசி குடும்பத்தார் வளர்த்தது இன்று பிரேசிலிய ஜியு ஜிட்சு. அங்கேயும் இதே வழக்குதான். ஒரு கட்சி, பிடியை ஆயிரம் தடவை எதிர்ப்பில்லாமல் செய்யச் சொல்கிறது. மறு கட்சி, எதிர்ப்பில்லாத பயிற்சியே வீண், முதல் நாளிலிருந்தே எதிர்ப்போடு பழகு என்கிறது. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பு கோயில் பாயில் எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை.

இப்போது அந்தத் தோள்பிடிக்கு வருவோம். நூலகத்தில் கண்டெடுத்த கட்டா குருமா. அதில் எதிராளியின் தொடையைக் கையால் பிடிக்க வேண்டும். சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010இல் நேராகக் காலைப் பிடித்துத் தாக்குவதைத் தடை செய்தது. 2013இல் அதை இன்னும் இறுக்கியது. கானோ ஃபுக்குஷிமாவைக் கவிழ்த்த அதே பிடியை அதே மாதிரி செய்தால் சர்வதேசப் போட்டியில் தண்டனை! ஆனால் நாகே நோ கட்டாவின் முதல் வகையில் மூன்றாவது எறியாக அது பழைய வடிவத்திலேயே பத்திரமாக இருக்கிறது. விதி துரத்தியதைக் கட்டா காப்பாற்றி வைத்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தடை வந்ததும் போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. காலைத் தொடாமலே, கையை மேலே பிடித்துக்கொண்டு, மண்டியிட்டுச் சுழன்று அதே பிடியைப் போடப் புது வழி கண்டுபிடித்தார்கள். அது எந்தக் கட்டாவிலும் இல்லை. மோதலில்தான் பிறந்தது. ஒன்று பழையதைக் காக்கிறது, மற்றது புதியதைப் பெறுகிறது. எதை நிறுத்தினாலும் வித்தைக்குத்தான் நஷ்டம்.

கணக்கு எங்கே?

அப்படியானால் எவ்வளவு நேரம் இது, எவ்வளவு நேரம் அது? பாதிப் பாதியா, மூன்றில் ஒன்றா? விகிதத்தில் விடை இல்லை என்பதுதான் இந்தச் சரித்திரம் எனக்குக் காட்டுவது. எய்ஷோஜியில் கடிகாரம் பார்த்துப் பிரிக்கவில்லை. மோதலில் ஒரு குறை தெரிந்ததும், அந்தக் குறைக்கு உரிய பயிற்சி, அதே இடத்தில், அதே சூட்டோடு. பயிற்சி கைக்கு வந்ததும் மறுபடி மோதல். எந்தக் கேள்விக்கு இது விடை என்று தெரியாமல் உருப்போடுவது வீண் உழைப்பு. எந்தத் தவறை இன்று திருத்தப்போகிறோம் என்று தெரியாமல் மோதுவது வீண் காயம். இரண்டுக்கும் நடுவில் நின்று பார்க்கிற ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குப் பெயர்தான் ஆசிரியர்.

அந்தக் கண் ஒன்பது பேரைப் பார்க்கும். தொண்ணூறு பேரைப் பார்க்காது. கானோ போன்ற மேதைக்கே அது முடியவில்லை, பாடத்தை எழுதி வைக்க வேண்டிவந்தது. எழுதி வைத்த பாடம் பிழைத்தது, பாடம் பிறந்த சூழ்நிலை பிழைக்கவில்லை. இன்று நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கிற வகுப்புகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அறுபது பேர் வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? கோச்சிங் சென்டரில் ஆயிரம் மாதிரி வினாக்களைப் போட்டுத் தள்ளுகிறார்கள். நல்ல உச்சிகோமிதான். ஆனால் எந்த மரத்தில்?

நம் சங்கம் கல்லூரிக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் யோசிக்கிறோம். கட்டடம் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும், சரிதான். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர். ஆளுக்கு ஒன்பது மாணவரை அழைத்து உட்கார வைத்து, அவர்கள் எழுதுவதை, பேசுவதை, செய்வதைப் பார்த்து, தவறுகிற இடத்தில் நிறுத்தி, "இப்படிச் செய்து பார்" என்று சொல்ல வாரம் ஒரு மணி நேரம் கொடுக்க முடியாதா? அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பன்னிரண்டு பாய் போதும்.